எதிர்ப்பக்க வாங்கில் இருந்தவன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில், "அப்பா, ஓகஸ்ட்டில எனக்கும் ஜெனிக்கும் கலியாணம். இங்க சட்பரியிலதான். வருவீங்கள்தானே?" என்று கேட்டாய். நான், "பாப்பம் தம்பி, ஷிஃப்ட் எப்பிடி வருமெண்டு தெரியேல்லை" என்றேன். நீ "ஓகே" என்று வைத்துவிட்டாய். நீ வைத்த பிறகும் நான் ரிசீவரைக் காதில் பிடித்தபடிதான் இருந்தேன். பெற்ற மகனின் கலியாணத்துக்கு ஷிஃப்ட் பார்த்து வருகிற தகப்பன் எங்கேயாவது இருப்பானா? ஃபோர்மனிடம் கேட்டால் ஒரு கிழமை லீவு தருவான். இத்தனை வருசத்தில் நான் லீவே கேட்காதபடியால், எனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று பயந்து இரண்டு கிழமையே தருவான். ஷிஃப்ட் என்றது ஒரு சாட்டு. உண்மைக் காரணத்தை வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எழுதினால் நீ இடையில் "ஓகே" சொல்லி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். ஓ-லெவல் இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவனின் எழுத்து இது. உனக்கும் தமிழ் வாசித்துக் கன காலம் ஆகியிருக்கும். ஆகவே இருவருமாக மெல்ல மெல்லப் போவோம்.

விஷயம் இதுதான். ஜெனியை எனக்குத் தெரியும். அவளுக்கும் என் முகம் தெரியும். ஆனால் நான் உன் தகப்பன் என்பது அவளுக்குத் தெரியாது. அவளிடம் நான் வேறு ஒருவனின் தகப்பன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை விளங்கப்படுத்த அம்மா செத்த வருசத்துக்குப் போகவேண்டும். சித்திரையில் அம்மா போனாள். புரட்டாதி மாதம் ஒரு நாள் பின்னேரம் நீ ஒரு பெரிய மேளத்தை வயிற்றில் அணைத்துக்கொண்டு எலிவேற்றரால் இறங்கி, கதவைக் காலால் தட்டினாய். நான் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு நின்றேன். "அப்பா, வார் அறுந்துபோச்சு. சாக்குத் தைக்கிற ஊசி இருக்கோ? சனிக்கிழமை கேமுக்கு வேணும்" என்றாய்.

"என்ன கேம்?"

"ஹொக்கி. யூனிவேர்சிற்றி பாண்டில சேந்திட்டன். ரீம் விளையாடேக்க நாங்கள் இருந்து அடிக்கிறது, ஊதுறது. இட்ஸ் ஃபன், அப்பா."

"கொம்மா செத்து முதலாம் ஆட்டைத் திவசம் முடியேல்லை. உனக்கு மேளம் கேக்குதோ? எங்கட குடும்பத்தில ஆரடா மேளம் தூக்கினவன்?"

நீ மேளத்தைக் கீழே வைக்கவில்லை. "மூண்டுதரம் போய்க் கேட்டுத்தான் எனக்கு இதைத் தந்தவங்கள்" என்றாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அங்க சத்தமா இருக்கு அப்பா. இங்க இருக்கேலாமக் கிடக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்ப அங்கேயே போய் இரு." இரண்டு கிழமையில் நீ உடுப்பை எடுத்துக்கொண்டு டவுன்ரவுனில் கூட்டாளிகளோடு அறை எடுத்துப் போனாய். ஊசி அலுமாரி லாச்சிக்குள்தான் இருந்தது. நீ போன பிறகும் அதே இடத்தில்தான் இருந்தது.

மேளம் என்ற சொல்லுக்குள் நான் என்னத்தை வைத்துச் சொன்னேன் என்று உனக்கு முழுதாக விளங்கியிருக்காது. பதின்மூன்று வயதில் இங்கே வந்தவன் நீ. விளங்காமல் போனது நல்லதுதான் என்று இவ்வளவு காலமும் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். ஊரில் மேளம் வாசிக்கிறவர்களை நாங்கள் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டோம். அவர்கள் வேர்க்க வேர்க்க வாசித்தார்கள், நாங்கள் தலையாட்டிக் கேட்டோம். பிறகு சாப்பாட்டுக்கு அவர்களை எங்கள் பந்தியில் இருத்தவில்லை. நானும் இருத்தாமல் விட்டவன்தான். அந்த ஊத்தையை நான் பிளேனில் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். எயர்போட்டில் சூட்கேசைத் திறந்து கருவாட்டுப் பார்சலைப் பறித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. கலியாணம் செய்யப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி கொஞ்சம்தான். அதில் ஒன்று: கோபம் வரும்போது செத்தவர்களைத் துணைக்கு இழுக்காதே. நான் அன்றைக்கு அம்மாவை இழுத்தேன். அவள் இருந்திருந்தால் மேளத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்திருப்பாள். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

நீ போய் மூன்று மாதம் வீடு எப்படி இருந்தது என்பதை விரித்து எழுதப்போவதில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்கு வரும், அவ்வளவுதான். தை மாதம் பெரிய குளிர் இறங்கியபோது, உன்னுடைய பூட்ஸ் கதவுக்குப் பின்னால் கிடந்ததைக் கண்டேன். நீ அந்தக் கன்வஸ் சப்பாத்தோடு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். அறை விலாசம் தெரியாது, கேட்க ரோசம். ஃபிரிட்ஜில் நீ ஒட்டிவிட்டுப்போன ஆட்ட அட்டவணை இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பூட்ஸை ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸும் சப்வேயும் பிடித்து, அந்த ஐஸ் மைதானத்துக்கு வந்தேன். உள்ளே வெளியைவிடக் குளிர். நீங்கள் இருபது பேர் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தீர்கள். நடுவில் நீ, மடியில் மேளம். பக்கத்தில் வந்து பையை நீட்டினால் உன் கூட்டாளிகளுக்கு முன்னால் நீ என்ன முகம் காட்டுவாயோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஐஸைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய், மேல் வரிசை வாங்கில், பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆட்டம் முடிய, அதே பூட்ஸோடு அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்தநாள் அதைத் தபாலில் உன் யூனிவேர்சிற்றிக்கு அனுப்பினேன். கிடைத்ததா என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் வந்தேன். அதற்குச் சாட்டே இல்லை.

ஹொக்கி எனக்கு விளங்காது. அந்தக் கறுத்த வட்டு எங்கே போகிறது என்று கண் பிடிப்பதற்குள் அது வேறு எங்கேயோ போய்விடும். நான் பார்த்தது உங்களைத்தான். முதல் நாள் ஒரு பெரிய பிழை விட்டேன். நீங்கள் நல்லாக வாசித்துக்கொண்டு வரும்போது, பாட்டின் பாதியில், கத்தரித்ததுபோல நிறுத்தினீர்கள். யாரோ ஏசிவிட்டார்கள் என்று நினைத்தேன். உன்னைத்தான் ஏசியிருப்பார்கள் என்று வாங்கில் இருந்து பாதி எழும்பிவிட்டேன். பிறகுதான் விளங்கியது, அது உங்கள் ஒழுங்கு. றெஃபரி விசில் அடித்து ஆட்டம் நின்றால் நீங்கள் தொடங்கவேண்டும். வட்டு ஐஸில் விழுந்த கணம் நிறுத்தவேண்டும், பாட்டு எவ்வளவு இனிப்பான இடத்தில் இருந்தாலும். தொடங்கிவைப்பதும் நிறுத்திவைப்பதும் உன் மேளம். எல்லாரும் உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீ றெஃபரியின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வீட்டில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் விடுகிற பிள்ளை நீ. இரண்டரை மணித்தியாலம் கண்ணை எடுக்காமல் இருந்தாய்.

எங்கள் ரீம் கோல் போட்டால் நீங்கள் எழும்பி நின்று ஒரு சின்னத் துண்டு வாசிப்பீர்கள். மற்ற ரீமில் ஒருவன் பிழை செய்து தண்டனைக் கூட்டுக்குப் போனால், அவன் உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை அவனுடைய ஒவ்வொரு அடிக்கும் மேளத்தால் ஓர் இடி. ஒருவன் அடிபட்டு ஐஸில் கிடந்தால் நீங்கள் வாத்தியங்களை மடியில் வைத்துவிடுவீர்கள். அவன் எழும்பின பிறகுதான் எடுப்பீர்கள். எங்கள் ரீம் ஏழு கோல் வாங்கித் தோற்ற ஒரு நாள், மற்றப் பக்கத்துச் சனமே எழும்பிக் கோட்டுப் போடத் தொடங்கிவிட்டது. நீங்கள் மட்டும் அன்றைக்குத்தான் வென்றவர்கள் மாதிரி வாசித்தீர்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவர்களுக்கு ஸ்கோர் போர்ட் தெரியவில்லையோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் நான் இன்னொரு மனிசனோடு சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அடுத்த குளிர்காலம் நீ கடைசி வருசம். மார்கழியில் உங்களுக்குச் சோதனை என்று ஒரு சனிக்கிழமை பாண்ட் வரவில்லை. எனக்கு அது தெரியாது. வந்து இருந்துவிட்டேன், எழும்பிப் போக வெட்கம். அதே ரீம், அதே வெளிச்சம், ஏறக்குறைய அதே அளவு சனம். ஆனால் அந்த இடம் லைன் நிறுத்தின நாள் ஃபக்டரி மாதிரி இருந்தது. சறுக்குச் சப்பாத்து ஐஸைக் கீறுகிற சத்தமும், விளையாடுகிறவர்கள் ஒருவரையொருவர் தூஷணத்தால் ஏசுகிறதும் மேல் வாங்குவரை கேட்டது. எங்கள் ரீம் கோல் போட்டது. பத்துப் பேர் கையைத் தட்டினார்கள். போட்டவன் உங்கள் மூலையைத் திரும்பிப் பார்த்தான். பழக்கத்தில் பார்த்திருப்பான். வெறும் வாங்குகளைக் கண்டுவிட்டு மெல்லச் சறுக்கிக்கொண்டு போனான். அப்போதுதான் உன் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது. வந்திருக்கிற இருநூறு பேரை, தனித்தனியாக வந்த இருநூறு பேராக இருக்கவிடாமல் செய்வது உங்கள் வேலை. "இங்க இருக்கேலாமக் கிடக்கு" என்று நீ வீட்டு வாசலில் நின்று சொன்னதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பதினைந்து மாதம் பிந்தி.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த குளிர்காலமும் அதுதான். ஊரில் இருந்த மாமி எங்கே என்று இரண்டு மாதம் தெரியாது. ஃபக்டரியில் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் கதைத்தார்கள். அந்தக் கதைக்கு நடுவில் நான் சனிக்கிழமை ஹொக்கி பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொல்வது? பக்கத்து மிசினில் நிற்கிற செல்வம் மட்டும் ஒரு நாள் பிடித்துவிட்டான். "என்ன அண்ணை, மிசினுக்குத் தாலாட்டோ? ஒரே மெட்டை ஒரு கிழமையாப் பாடிறியள்" என்றான். உங்கள் கோல் பாட்டு! "உது ரி.வியில வாற விளம்பரம் ஒண்டு" என்றேன். "எனக்கும் ரி.வி இருக்கு அண்ணை, உப்பிடி ஒண்டும் வரேல்லை" என்றான். பொய் சொல்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரன் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததை வாசி.

மாசி மாதம் நடுத்தவணை விடுமுறை. பாண்டில் ஐந்து பேர்தான் வந்திருந்தீர்கள். இரண்டாம் இடைவேளையில் நீங்கள் வாத்தியங்களோடு மைதானத்தைச் சுற்றி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் வழமையாகக் கக்கூசுக்குள் போய் நின்றுவிடுவேன். இரண்டு குளிர்காலமும் அப்படித்தான் தப்பினேன். அன்றைக்கு ஆள் குறைவு என்றபடியால் நீங்கள் பிரிந்து வந்தீர்கள்போல. நான் எழும்புவதற்குள் ட்றம்பெட் ஊதுகிற பிள்ளை ஒன்று தனியாக என் வாங்கடிக்கே வந்துவிட்டது. அவளை எனக்கு நல்லாகத் தெரியும். உனக்கு இடப்பக்கம் இருக்கிறவள். குளிரில் உன் விரல் விறைத்தால் தன் கையுறையைக் கழற்றித் தருகிறவள். நீ அவளை விரும்புகிறாய் என்று நீ அறிவதற்கு ஒரு மாதம் முந்தி நான் அறிந்துவிட்டேன். அவள் இங்கிலிஷில் கேட்டாள். நான் தமிழில் எழுதுகிறேன்:

"நீங்கள் ஒரு ஆட்டம் விடாமல் வருகிறீர்கள். எப்போதும் இதே இடம். உங்கள் பிள்ளை யார்?"

உன் மேளம் அந்தப் பக்கத்து வளைவில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் என் கையை நீட்டினால் போதும். அந்தப் பிள்ளை ஓடிப்போய் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கும். நீ வந்து என்னைப் பார்த்து, இரண்டு குளிர்காலம் ஒளித்திருந்து பார்த்தவரோ என்று கேட்டிருப்பாய். இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போயிருப்பாய். அந்த இரண்டாவதைத் தாங்க எனக்குத் துணிவு இல்லை. ஐஸில் எங்கள் ரீம் இறங்கிக்கொண்டிருந்தது. முழு முகத்தையும் மூடிக் கவசம் போட்டிருந்தவன் கோல் காக்கிறவன் மட்டும்தான். அவனைக் காட்டி, "அவன்" என்றேன்.

அவள், "கோலியா!" என்றாள். அந்த நேரம் பார்த்து அவன் கவசத்தைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். கரட் நிறத்தில் தலைமயிர், பால் மாதிரி முகம், மூக்கெல்லாம் புள்ளி. ஜெனி அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று அவளுடைய வாய் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் முகம் மாறிவிட்டது. மெதுவாக, "அவனுக்கு உங்கள் கண்தான்" என்றாள். என்னை ஒரு பொய்யன் என்று நினைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அப்படி நினைக்கவில்லை. ஒருவரும் இல்லாத ஒரு மனிசன், சனிக்கிழமைகளில் யாரோ ஒரு பிள்ளையைத் தன் பிள்ளை என்று வைத்துக்கொண்டு வந்து இருக்கிறான் என்று நினைத்தாள். எனக்கு முன்னால் நின்று, கோலிக்காக என்று சொல்லி, ட்றம்பெட்டில் நாலு வரி வாசித்தாள். நான் கை தட்டினேன். உன் மேளம் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு நான் படியால் இறங்கி வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரே ஓர் ஆட்டம்தான் இருந்தது. நீ ரெலிபோன் மெசினில் விட்ட மெசேஜை நான் அழிக்கவில்லை, இப்போதும் இருக்கிறது. "அப்பா, சனிக்கிழமை லாஸ்ட் கேம். படிச்சு முடிக்கிற பாண்ட் ஆக்களை முன்னுக்குக் கூப்பிட்டு நிப்பாட்டுவாங்கள், ஃபமிலி பக்கத்தில நிக்கலாம். ரைம் இருந்தா வாங்கோ." ஒன்றரை வருசத்தில் நீயாக எடுத்த முதல் ரெலிபோன் அது. எவ்வளவு யோசித்து எடுத்திருப்பாய். நான் திரும்ப எடுத்து, "ஓவர்ரைம் தம்பி, மாட்டன் எண்டு சொல்லேலாது" என்றேன். நீ அப்போதும் "ஓகே" என்றாய். உன் பக்கத்தில் நான் வந்து நின்றால், உன் இடப்பக்கத்தில் நிற்கிறவள் என்னைப் பார்ப்பாள். கோலியின் தகப்பன் ஏன் இங்கே நிற்கிறார் என்று கேட்பாள். நீ அதைக் கேட்டு நிற்பாய், உன்னை மறுத்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்தச் சனிக்கிழமை எனக்கு ஓவர்ரைம் இல்லை. வேலையே இல்லை. வீட்டில் கதிரையில் இருந்து, இப்போது முதலாம் பகுதி முடிந்திருக்கும், இப்போது இரண்டாம் பகுதி முடிந்திருக்கும் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அன்றைக்கு உன் பக்கத்தில் யார் நின்றார்கள்? இரண்டு வருசமாக இதை உன்னிடம் கேட்கவில்லை. ஜெனியின் தாய் தகப்பன் உன்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றிருந்தால் அவர்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஒருவரும் நிற்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல். நான் கேட்கவேண்டிய கதை அது.

இதனால்தான் "பாப்பம்" என்றேன். கலியாண வீட்டில் ஜெனி என்னைக் கண்டவுடன் அடையாளம் பிடிப்பாள். ஒரு சின்னப் பொய்யை மறைக்கப் போய் உன் கடைசி ஆட்டத்தை விட்டேன். அதே பொய்க்காக உன் கலியாணத்தையும் விடப் பார்த்தேன். இதிலே உனக்கு ஒரு புத்தி இருக்கிறது என்று நினைக்கிறேன், அதை அழகாகச் சொல்லத்தான் எனக்குப் படிப்புக் காணாது. ஜெனியிடம் ஏதாவது ஒளிக்கவேண்டி வந்தால் அன்று பின்னேரத்துக்குள்ளேயே சொல்லிவிடு. அடுத்த நாளைக்குத் தள்ளினால் அதைச் சுற்றியே நடக்கவேண்டி வரும்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லாதே. அவளுக்கு நானே சொல்லவேண்டும். நீ மட்டும் பக்கத்தில் நில், என்னுடைய இங்கிலிஷ் அந்த இடத்தில் நிச்சயமாகக் காலை வாரும். உனக்குச் சொல்லவேண்டியதை இங்கேயே எழுதுகிறேன்: நான் சொன்னது பிழை தம்பி. மேளத்தைப் பற்றிச் சொன்னதும், அங்கேயே போய் இரு என்று சொன்னதும், கையை நீட்டாமல் விட்டதும். நீ கோபமாக இருந்தாலும் நான் வருகிறேன். பிந்தி வந்ததற்குக் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. வராமல் இருக்க எனக்கு இனி உரிமை இல்லை.

நேற்று வேலை முடிய பஸ் ஸ்டேஷனுக்குப் போய் சட்பரிக்கு ரிக்கற் எடுத்தேன். கவுண்டரில் நின்ற பிள்ளை இரண்டு வகை இருக்கிறது என்றது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம், நாளும் மாற்றலாம். மற்றதைத் திருப்பவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஓகஸ்ட்டுக்கு இன்னும் கன நாள் இருக்கிறதே, முதலாவதை எடுங்கள் என்று நல்ல மனதோடு சொன்னது. என்னை எனக்குத் தெரியும். இரண்டாவதை எடுத்தேன்.

அப்பா